இசிஜி சரியாக இருக்கிறது, ஆனாலும் நெஞ்சு வலிக்கிறது

கடிதம் எழுதிய வாசகிக்கு வயது 39. ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் வசிக்கிறார். வீட்டிலேயே தையல் எந்திரம் வைத்து ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறார். கணவருக்கு நூல் வியாபாரம். இரவு பத்தரைக்கு மேல்தான் வீடு திரும்புவார். அவர் வந்த பிறகே இவர் சாப்பிடுகிறார், சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார். இரண்டு மகள்கள்.

ஒன்றரை ஆண்டாக இவருக்கு நெஞ்சு வலி. பெரும்பாலும் படுத்த பிறகு வருகிறது. மார்பின் நடுவே எரிச்சலும் தொண்டை வரை புளிப்பும். பகலில், தைத்துக்கொண்டிருக்கும்போது, இடது மார்பில் 'சுருக்'கென்று ஒரு குத்து. சில இரவுகளில் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தால் மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, உயிர் போய்விடும் என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. இதுவரை ஒன்பது இசிஜி, ஒரு எக்கோ. எல்லாமே சரியாக இருந்தன. "வாயுத் தொல்லைதான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். முதல் இசிஜி தந்த நிம்மதி ஒரு மாதம் நின்றதாம்; கடைசி இசிஜிக்குப் பின் வீடு திரும்பும் வழியிலேயே சந்தேகம் வந்துவிட்டதாம்.

ரத்தக்கொதிப்புக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் குமட்டலை அடக்கும் டொம்பெரிடோனும் சேர்ந்த காப்ஸ்யூலை ஓராண்டுக்கும் மேலாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கி வருகிறார். மனநல மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்த, பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிடலோபிராம் மாத்திரை அட்டை, பிரிக்கப்படாமல் பீரோவில் இருக்கிறது.

இவருடைய அண்ணன் 44 வயதில் இறந்தவர். நெஞ்சைப் பிடிக்கிறது என்று சொன்னவருக்குச் சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து, "வாயு, சரியாகிவிடும்" என்று படுக்க வைத்திருக்கிறார்கள். விடிவதற்குள் போய்விட்டார்.

இவர் கேட்பவை: இதய ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் ஆஞ்சியோகிராம் எடுத்துவிட்டால் நிம்மதி கிடைக்குமா? வாயு மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமா? மனநல மாத்திரை பழக்கமாகிவிடுமா, இன்சூரன்ஸையும் மகள்களின் கல்யாணத்தையும் பாதிக்குமா? கடைசியாக, கணவர் சொல்வதுபோல் எல்லாம் வெறும் நினைப்புதானா?

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நினைப்பு அல்ல. எரியும்போது உண்மையிலேயே எரிகிறது, குத்தும்போது உண்மையிலேயே குத்துகிறது. பதற்றத்தால் வரும் வலியும் உடம்பில்தான் வலிக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் 'நெஞ்சு வலி' என்று ஒரே பெயரில் எழுதியிருப்பது குறைந்தது மூன்று வலிகள். அவற்றைப் பிரிக்காததால்தான் ஒரு மாத்திரைக்கும் ஓர் இசிஜிக்கும் அவை அடங்கவில்லை.

முதல் வலி, சாப்பிட்டுப் படுத்ததும் நடு மார்பில் எரிந்து தொண்டைக்கு ஏறுவது. இது எதுக்களிப்பு; இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவது. உணவுக்குழாய் இதயத்தை ஒட்டி, அதற்குப் பின்னால் இறங்குகிறது. இரண்டிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் வலி எங்கிருந்து புறப்பட்டது என்று மூளையால் எப்போதும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அனுபவமுள்ள மருத்துவர்களே தடுமாறும் இடம் இது. நீங்கள் தடுமாறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது, எந்திரத்தின் முன் குனிந்திருக்கும்போது இடது பக்கம் சில நொடிகள் குத்திவிட்டுப் போவது. ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட முடிகிறது என்றும், அழுத்தினால் வலிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் விலாவெலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பிலும் தசையிலும் வரும் வலி. நாள் முழுதும் தோளை முன்னே தள்ளிக் குனிந்து தைப்பவர்களுக்கு இது வருவது சகஜம். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தோள்களைப் பின்னுக்கு இழுத்து நிமிருங்கள். நாற்காலியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இதற்கு மேல் இந்த வலிக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, நள்ளிரவில் எழுப்பும் அந்தப் பயம். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் அடங்குகிறது. விரல்களும் உதடும் மரக்கின்றன. வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும்; மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். இதைப் பதற்றத் தாக்குதல் என்கிறோம். கெட்ட கனவு எதுவும் இல்லாமல் தூக்கத்திலேயே இது தொடங்குவது உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய டா கோஸ்டா என்ற மருத்துவர், இதய நோய் எதுவும் பிடிபடாத சிப்பாய்களின் நெஞ்சு வலியையும் படபடப்பையும் 1871இலேயே விரிவாக எழுதி வைத்தார். துப்பாக்கி ஏந்தியவர்களுக்கும் வந்தது இது. கோழைகளின் நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்

நான்கு பக்கக் கடிதத்தில் இரவுகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: "போன மாதம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது மார்பு இறுக்கித் தாடை வரை இழுத்தது, நின்றதும் போய்விட்டது, மாடிப்படி ஏறும்போதும் ஒருமுறை அப்படி இருந்தது."

என்னைக் கவலைப்பட வைத்த வரி இதுதான். உழைக்கும்போது வந்து, நின்றால் நிற்கும் இறுக்கம், அதுவும் தாடைக்குப் பரவுவது, இதய ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். இருந்தே தீரும் என்று சொல்லவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு ஓடினால் எதுக்களிப்பும் இப்படிக் காட்டும். நடக்கப் பழகாத உடம்பும் காட்டும். ஆனால் உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது. அண்ணன் 44 வயதில் இறந்திருக்கிறார்; தந்தை அல்லது உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால் அதைக் குடும்ப அபாயம் என்றே கணக்கில் எடுக்க வேண்டும். போதாததற்கு, நம் நாட்டவருக்கு மாரடைப்பு மேலை நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது.

'இசிஜி ஒன்பது முறையும் சரி' என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி அந்தச் சில நொடிகளின் பதிவு மட்டுமே. ஓடினால் மட்டும் ரத்தம் போதாமல் போகும் இதயம், படுத்திருக்கும்போது சுத்தமான இசிஜியைக் காட்டலாம். எக்கோவும் அப்படித்தான்: இதயத் தசையும் வால்வுகளும் எப்படி இயங்குகின்றன என்று சொல்லுமே தவிர, ரத்தக்குழாய்க்குள் அடைப்பு இருக்கிறதா என்று நேரடியாகச் சொல்லாது. எனக்குக் கோபம் வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது இசிஜி எடுத்த உங்களுக்கு ஒருமுறைகூடக் கொழுப்புப் பரிசோதனை நடந்ததாகக் கடிதத்தில் இல்லை. கடைசியாகச் சர்க்கரை பார்த்தது இரண்டாவது பிரசவத்தின்போது என்கிறீர்கள். ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் செய்ய வேண்டியதை விட்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்த வாரத்திலேயே ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். அவசரப் பிரிவில் அல்ல, பகலில், புறநோயாளியாக. அந்த ஒரு வரியை முதல் வரியாகச் சொல்லுங்கள். சாப்பிடும் முன்னும் பின்னும் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின், தைராய்டு, ரத்தசோகைக்கான பரிசோதனை ஆகியவை வேண்டும். அண்ணனின் வயதைச் சொல்லி, லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற ஒருவகை ரத்தக் கொழுப்புக்கான பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். அது பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். பார்க்கும் வரை ஓட வேண்டாம், கனமான துணி மூட்டை தூக்க வேண்டாம். அதற்குள் குறைந்த உழைப்பிலேயே அந்த இறுக்கம் வந்தால், அல்லது சும்மா இருக்கும்போது வந்தால், மருத்துவரிடம் வாங்கிய தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆஞ்சியோகிராம் நிம்மதி தருமா?

'ஒரேயடியாக ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம், தேவைப்படுபவருக்கு அருமையான பரிசோதனை. ஆனால் ரத்தக்கசிவு, சாய மருந்தால் சிறுநீரகத்துக்குச் சிரமம், மிக அரிதாகப் பக்கவாதம் என அதற்கும் விலை உண்டு. மன நிம்மதிக்காக மட்டும் செய்துகொள்ளும் பரிசோதனை அல்ல அது.

முதலில் டிரெட்மில் பரிசோதனை அல்லது உழைப்புக்குப் பின் எடுக்கும் எக்கோ; இல்லையென்றால் கையில் ஊசி போட்டு எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு டிரெட்மில் பரிசோதனை, அடைப்பு இல்லாமலேயே 'பாசிட்டிவ்' என்று காட்டுவது ஆண்களைவிட அதிகம். அப்படி வந்தால் இடிந்துபோய் உட்கார வேண்டாம். அடுத்த பரிசோதனை தேவை என்பதே அதன் பொருள்.

முடிவு நல்லபடியாக வந்தால், அத்தோடு அந்தக் கதவைச் சாத்துங்கள். அடுத்து எப்போது, எந்த நிலையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாவது இசிஜி உங்களுக்கு எதையும் சொல்லப்போவதில்லை. ஒரு மாத நிம்மதி எப்படிப் பாதி வழி நிம்மதியாகச் சுருங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயம் வந்ததும் பரிசோதனை, பரிசோதித்ததும் சிறிது ஆறுதல் என்று பழகிய மனம், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பயப்படும். கையில் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த நாடித்துடிப்புக் கடிகாரத்தையும் இரவில் கழற்றி அடுத்த அறையில் வையுங்கள்.

மாத்திரை சரி, நேரம் தவறு

பான்டோபிரசோல் இரைப்பையின் அமிலச் சுரப்பிகள் வேலை தொடங்கும் நேரத்தில் ரத்தத்தில் இருக்க வேண்டும். அவற்றைத் தூண்டுவது உணவு. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். நீங்கள் ஓராண்டாகச் சாப்பிட்ட பின் எடுத்திருக்கிறீர்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்லும் பலரிடம் இந்த ஒன்றைத் திருத்தினாலே நிலைமை மாறும். இதய மருத்துவர் மறுக்கவில்லை என்றால், காலை உணவுக்கு அரை மணி முன்பு, எட்டு வாரம், ஒரு நாளும் விடாமல். அதன் பிறகும் எரிச்சல் இருந்தால் இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுத்த மலம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

எண்டோஸ்கோப்பியில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் எதுக்களிப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதுக்களிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே புண் இருக்காது. தேவைப்பட்டால், மூக்கு வழியே மெல்லிய குழாய் செலுத்தி 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் பரிசோதனை பெரிய நகரங்களில் இருக்கிறது.

சிறுநீரகம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். பான்டோபிரசோல் மிக அரிதாகச் சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும்; ஆண்டுக்கணக்கில் எடுத்தால் மெக்னீசியமும் பி12 வைட்டமினும் குறையலாம். கிரியேட்டினினோடு அவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பயந்துபோய் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் எடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரந்து சில வாரம் எரிய வைக்கும். 'மாத்திரை இல்லாமல் இனி வாழவே முடியாது' என்று பலர் நினைப்பது இதனால்தான். குறைக்கும் காலம் வரும்போது மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

சிறுநீரகத்தைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் காப்ஸ்யூலில் கூட இருக்கும் டொம்பெரிடோன். இதயத்தின் மின்னோட்டத்தில் 'க்யூடி' என்றொரு இடைவெளி உண்டு. அதை இந்த மருந்து நீட்டக்கூடும். அளவுக்கு மீறி நீண்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் இதைக் குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் தரச் சொன்னது. நம் ஊரிலோ மளிகைச் சாமான்போல மாதக்கணக்கில் வாங்குகிறோம். பீரோவில் இருக்கும் எஸ்சிடலோபிராமும் அதே இடைவெளியை நீட்டக்கூடியது. மெக்னீசியம் குறைந்தால் இன்னும் சிக்கல். எனவே இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து விழுங்க வேண்டாம். டொம்பெரிடோன் இல்லாத வெறும் பான்டோபிரசோல் போதுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் போதும். ஒன்பது இசிஜியில் கடைசியாக எடுத்ததைக் காட்டி, க்யூடி அளவு என்ன என்றும் கேட்டுவிடுங்கள். அந்தத் தாள்களுக்கு உருப்படியான பயன் ஒன்றாவது கிடைக்கட்டும்.

ஆம்லோடிபின் உணவுக்குழாயின் கீழ் வாயைத் தளர்த்தக்கூடியது. சிலருக்கு எதுக்களிப்பு கூட இதுவும் ஒரு காரணம். நீங்களாக நிறுத்தக் கூடாது, ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். மாற்று மருந்து உண்டா என்று கேட்கலாம்.

சாப்பாட்டு நேரம்

'காரம், புளி, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்' என்று சொல்வது மருத்துவர்களுக்கு எளிது. அதனால் நீங்கள் ஆறு மாதமாக மோர்ச் சாதமும் இட்லியுமாக இளைத்திருக்கிறீர்கள், வலி இளைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. ஒருவருக்குக் காபி ஆகாது, இன்னொருவருக்குப் பரோட்டா, வேறொருவருக்குச் சாக்லேட். இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது எரிந்தது என்று குறியுங்கள்; உங்களுக்கு ஆகாதது எதுவோ அதை மட்டும் நிறுத்துங்கள். மற்றதை மனம்போலச் சாப்பிடலாம்.

உங்கள் விஷயத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் பெரிய குற்றவாளி. இரவு பத்தரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். மகள்களோடு ஏழரைக்கே சாப்பிட்டுவிடுங்கள். கணவர் வந்ததும் பரிமாறிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அவர் வரும் வரை பட்டினி கிடப்பது அன்புக்கு அடையாளம் என்றால், அந்த அன்பு உங்கள் உணவுக்குழாயைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு முதல் எட்டு அங்குலம் உயரத்துக்கு மரக்கட்டை அல்லது செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், பயனில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது உதவும். புடவையின் உள்பாவாடை நாடாவை இறுக்கி முடிவதையும் தளர்த்துங்கள். வயிற்றை இறுக்கும் எதுவும் அமிலத்தை மேலே தள்ளும். 154 செ.மீ. உயரத்துக்கு 68 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கைந்து கிலோ குறைந்தாலே எரிச்சலில் வித்தியாசம் தெரியும், ரத்தக்கொதிப்புக்கும் நல்லது. நடைப்பயிற்சியை இதய மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள்.

பதற்றத்துக்கும் மருந்து உண்டு

அமிலமும் பதற்றமும் ஒன்றையொன்று வளர்க்கும். பதறும்போது அமிலம் மிகுதியாகச் சுரக்காவிட்டாலும், இருக்கும் அமிலத்தை உணவுக்குழாய் கூர்மையாக உணர்கிறது; நேற்றுவரை தெரியாத எரிச்சல் இன்று தீயாகத் தெரிகிறது. பதற்றத்தில் காற்றை விழுங்குகிறோம், ஏப்பம் வருகிறது, ஏப்பத்தோடு அமிலமும் ஏறுகிறது. எரிந்ததும் உங்களுக்கு அண்ணன் நினைவு வருகிறது. அவர் விஷயத்தில் 'வாயு' என்ற சொல் உயிரைக் குடித்திருக்கிறது. அதே சொல்லை ஒரு மருத்துவர் உங்களிடம் சொன்னால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? உங்கள் பயத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதனால்தான் அதற்கு அறிவுரை போதாது, சிகிச்சை வேண்டும்.

பயத்தின் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் உளவியல் சிகிச்சை, இதயக் கோளாறு இல்லாத நெஞ்சு வலிக்கு நன்றாகப் பலன் தருவது. வயிற்றால் மூச்சு விடும் பயிற்சியை இன்றே தொடங்கலாம். கையை வயிற்றில் வைத்து, வயிறு எழும்ப நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத் தசை வலுப்படுவதால் எதுக்களிப்பும் ஏப்பமும்கூடக் குறையும். வலி வந்த இரவில் மட்டும் செய்து பார்த்து 'பலிக்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். பகலில் பழகியிருந்தால்தான் இரவில் கைகொடுக்கும்.

எஸ்சிடலோபிராம் தூக்க மாத்திரை அல்ல, போதை மாத்திரையும் அல்ல. அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தூண்டும் ஏக்கத்தை அது உண்டாக்குவதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் சற்றே கூடுதலான படபடப்பும் வரலாம். அந்த நாட்களில் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். குணமான பிறகும் சில மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகத்தான். இதற்கு மாறாக, யாராவது உடனடி அமைதிக்கு அல்பிரசோலம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் கவனமாக இருங்கள். பழக்கமாகிவிடும் என்று நீங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான். டொம்பெரிடோன் விவகாரத்தைச் சொல்லி, மனநல மருத்துவரை மறுபடி பார்த்த பிறகே அட்டையைப் பிரியுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பதும் அதே சட்டம் தரும் உரிமை. மகள்களுக்கு வரன் பார்க்கும் காலத்தில் மருத்துவமனையில் போய் யாரும் கேட்டு வாங்கிவிட முடியாது. புதிய காப்பீட்டு விண்ணப்பத்தில் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால்தான் பின்னால் பணம் மறுக்கப்படும். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், இரவோ பகலோ தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இரவில் மறுபடி வந்தால்

மார்பில் கனமான அழுத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், தோள், கை, தாடை, முதுகு என்று பரவினாலும், குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல் சேர்ந்துகொண்டாலும், வழக்கமான வலிபோல் இல்லை என்று தோன்றினாலும் 108ஐ அழையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் மார்பு வலியே இல்லாமல் மேல் முதுகு வலி, குமட்டல், சொல்ல முடியாத அசதி என்று வரும். சோடா குடித்தோ, அமிலத்தைத் தணிக்கும் ஜெல் மருந்து குடித்தோ 'குறைகிறதா பார்ப்போம்' என்று சோதிக்காதீர்கள். ஜெல்லில் வலி குறைந்தால் அது இதயம் இல்லை என்பது தவறான நம்பிக்கை. மருத்துவமனை தொலைவு என்றால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

பரிசோதனைகள் முடிந்து இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பழகிய அதே எரிச்சல், அதே புளிப்பு என்றால் வேறு வழி. எழுந்து நிமிர்ந்து உட்காருங்கள், இரண்டு மடக்குத் தண்ணீர், ஒரு வேளை ஜெல் மருந்து, பழகிய மூச்சு. மணியைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம். நாடியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, கைபேசியில் நோயைத் தேடக் கூடாது. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: பதற்றத் தாக்குதலிலும் வியர்க்கும், மூச்சு முட்டும். வீட்டில் இருந்தபடி எல்லா இரவிலும் பிரித்துவிட முடியாது. பிரிக்க முடியாத இரவில் மருத்துவமனைக்குப் போவது தவறே இல்லை.

உங்கள் கணவர் இதைப் படித்தால் அவருக்கும் சில சொற்கள். ஐயா, "எல்லாம் உன் நினைப்பு" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அவர் வலியை உங்களிடம் சொல்லாமல் மறைக்கத் தொடங்குவார், பிறகு உண்மையான ஆபத்தும் உங்களுக்குத் தெரியாமல் போகும். இரவில் அவர் எழுந்தால் "இசிஜி எடுக்கப் போகலாமா?" என்று உடனே கேட்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "மேலே எழுதியிருப்பதில் ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் 108, இல்லையென்றால் அந்த இருபது நிமிடம் உடன் இருங்கள். இதய மருத்துவரிடம் போகும் அன்று கடையை அரை நாள் மூடிவிட்டு நீங்களும் போய் வாருங்கள்.

போகும்போது, சகோதரி, ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: உழைக்கும்போது இறுக்கம் வந்த நாட்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, அண்ணன் இறந்த வயது, அப்பா அம்மாவுக்கு இருந்த நோய்கள், சாப்பிடும் எல்லா மருந்தும், எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்பதும், பழைய இசிஜிகள், எக்கோ அறிக்கை. புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஐந்து நிமிடம். ஓடும்போது வந்த வலியை அதில் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.